பழுதில்லாத பரம்பரையலகு செயலிழப்பது எவ்வாறு?

வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் வகுப்புக்குச் செல்லும் மாணவரிடம் பீட்டா தலசீமியா எனும் பரம்பரை இரத்தச்சோகை ஏன் ஏற்படுகிறது என்று கேட்டால், 11ஆம் நிறமூர்த்தத்திலுள்ள, ஈமோகுளோபினின் ஒரு கூறான பீட்டா குளோபினை உருவாக்கும் பரம்பரையலகில் நேர்ந்த விகாரமே காரணம் என்று தயங்காமல் சொல்வார். இலங்கை நோயாளரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியான விடைதான். ஆனால், 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்து நோயாளி ஒருவரிடம் ஆராயப்பட்ட தலசீமியா அவ்விடைக்குள் அடங்கவில்லை. அவரது பீட்டா குளோபின் பரம்பரையலகு முழுமையாகவே இருந்தது. அதற்கு முன்னால் இருந்த நீண்ட டீ.என்.ஏ. பகுதியே அற்றுப்போயிருந்தது.

அப்பகுதியில், ஏறத்தாழ 50,000 மூலச்சோடிகளுக்கு அப்பால், பீட்டா குளோபினைத் தூண்டும் கட்டுப்பாட்டுப் பகுதி இருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து அது எவ்வாறு தூண்டுகிறது என்பதற்கு 2002இல் சுண்டெலிக் கலங்களில் விடை கிடைத்தது. செங்குழியங்களை உருவாக்கும் கலங்களில் இடைப்பட்ட டீ.என்.ஏ. வளையமாக மடிந்து, கட்டுப்பாட்டுப் பகுதியையும் பரம்பரையலகையும் அருகருகே சேர்க்கிறது. மூளைக் கலங்களிலோ அந்த மடிப்பு இல்லை. கருப்பையில் வளரும் சிசுவில் இதே பகுதி, பீட்டாவுக்குப் பதிலாகச் சிசுவின் ஈமோகுளோபினில் இடம்பெறும் காமா குளோபினின் பரம்பரையலகைத் தொட்டு இயக்குகிறது. பிறப்பையொட்டி அத்தொடர்பு பீட்டாவுக்கு மாறுகிறது. கடும் தலசீமியாவுடன் பிறந்த குழந்தை முதற் சில மாதங்கள் நலமாகவே தோன்றுவது இதனாலேயே.

இத்தகைய வளையங்கள் பலவற்றை கோஹெசின் எனும் வளையவடிவப் புரதம் டீ.என்.ஏ. இழையை இழுத்து உருவாக்குகிறது, சீ.ரீ.சீ.எஃப். புரதம் அமர்ந்திருக்கும் எல்லைகளில் அந்த இழுவை நிற்கிறது. எல்லை அழிந்தால் ஒரு பரம்பரையலகுக்குரிய தூண்டல் அயலிலுள்ளதைச் சென்றடையக்கூடும்: சில குடும்பங்களில் விரல்கள் குட்டையாக அமைவதற்கு இத்தகைய எல்லையிழப்பே காரணம் என்று 2015இல் காட்டப்பட்டது. எனினும் மடிப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது மிகை. 2017இல் புற்றுநோய்க் கலங்களிலிருந்து கோஹெசின் அகற்றப்பட்டபோது வளையங்கள் மறைந்தன, ஆனால் பெரும்பாலான பரம்பரையலகுகளின் செயற்பாடு சிறிதளவே மாறியது.

குளோபின் விடயத்தில் மடிப்புக்கு உண்மையான வலு உண்டு என்றே கொள்ளலாம். 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கட்டுப்பாட்டுப் பகுதியைச் செயற்கைப் புரதத்தால் காமா குளோபினுடன் இணைத்தபோது, வளர்ந்தோரின் கலங்களிலும் சிசுவுக்குரிய ஈமோகுளோபின் உண்டாயிற்று. 2023இல் பிரித்தானியா அனுமதித்த பரம்பரையலகுத் திருத்தச் சிகிச்சை வேறு வழியில் அதே இலக்கை அடைகிறது. அது காமாவை அடக்கும் பீ.சீ.எல்.11ஏ பரம்பரையலகை விட்டுவிட்டு, செங்குழியக் கலவழியில் மட்டும் அதைத் தூண்டும் சிறு பகுதியைச் சிதைக்கிறது. ஆகவே, அப்பரம்பரையலகு உருவாக்கும் புரதம் தேவைப்படும் ஏனைய கலங்களில் அதன் உற்பத்தி தடைப்படுவதில்லை.