கடற்காற்றில் காயும் கார்

இராமநாதபுரம் கடற்கரையில் இரும்புத் தகட்டால் ஆன எதையும் நெடுநாள் காப்பாற்றி வைப்பது எளிதன்று. மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடித்தாலும் துரு உள்ளிருந்தே கிளம்பி வரும். இப்படிப்பட்ட ஊரில் 1966ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றை வாசலில் நிறுத்த ஆசைப்படுபவர், அதன் அடித்தகட்டை உப்புக் காற்றுக்குத் தாரை வார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அதே காரை 24இல் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் அடைத்துத் தருகிறது ஜப்பானின் டாமியா நிறுவனம். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்ற தைரியத்தில்தான் நானும் அந்தப் பெட்டியைப் பிரித்தேன். ஆனால் இந்தக் கடற்காற்று சிறு காரையும் சும்மா விடுவதில்லை. தகட்டைத் தின்ன வழியில்லாததால் பளபளப்பில் கை வைக்கிறது. மாதிரிக் காரை ஒட்டுவதும் வண்ணமிடுவதும் அடிப்படையில் தின்னர் போன்ற கரைப்பான் ஒன்றை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் வேலை என்பதும், வெளியே போகும் கரைப்பானை வாங்கிக்கொள்ளும் காற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்பதும் எனக்கு ஒரு காரைக் கெடுத்த பிறகே விளங்கின.

24இல் ஒரு பங்கு என்பது பார்வைக்கு எளிய கணக்கு. நான்கு மீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளமுள்ள பீட்டில் 17 சென்டிமீட்டராகிறது. ஒரு சிறிய அயிலை மீனின் நீளம். ஆனால் நீளம் 24 மடங்கு குறையும்போது பரப்பு 576 மடங்கும் கன அளவு 13,824 மடங்கும் குறைகின்றன. ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள அந்தக் காரை அதே இரும்பாலும் கண்ணாடியாலும் அச்சுப் பிசகாமல் சுருக்க முடிந்தால் 58 கிராம்தான் இருக்கும், அதாவது ஒரு கோழிமுட்டையின் எடை. அதன் தகடோ அலுமினியத் தாளைப்போலக் கைபட்ட இடத்தில் கசங்கிவிடும். எனவே மாதிரியின் உடற்பகுதியை விகிதத்துக்கு மீறிய தடிமனில், ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வார்க்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்க முடியாது என்னும் இந்தச் சிக்கல் பெயின்ட் அடிக்கும்போது மீண்டும் தலைகாட்டும்.

இந்தப் பிளாஸ்டிக் நம் கரைக்குப் புதியதன்று. இறாலையும் நண்டையும் ஐஸ் போட்டு அனுப்புகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியும் மாதிரிக் காரின் உடலும் வேதியியல்படி ஒன்றே: பாலிஸ்டைரீன். தெர்மாகோலில் 95 விழுக்காட்டுக்கும் மேல் காற்று. காரில் காற்று இல்லை, பட்டென்று உடையாமலிருக்கச் சிறிது ரப்பர் சேர்த்திருப்பார்கள். 1839இல் பெர்லின் நகரத்து மருந்துக் கடைக்காரர் எடுவார்ட் சீமோன், சாம்பிராணிபோல் மணத்துக்காகப் புகைக்கப்படும் ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசினைக் காய்ச்சி வடித்து ஓர் எண்ணெயைப் பிரித்தார். சில நாள்களில் அது தானாகக் கூழாகிக் கெட்டிப்பட்டது. காற்றோடு சேர்ந்து மாறிவிட்டதாக அவர் எண்ணினார். உண்மையில் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகியிருந்தன. இப்படிப்பட்ட நெடுஞ்சங்கிலிகள் இருக்கக்கூடும் என்று 1920இல் ஹெர்மன் ஷ்டாவுடிங்கர் எழுதியபோது வேதியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை; 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாலிஸ்டைரீனில் இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டவை அல்ல. சிக்கு விழுந்த தங்கூசி (நைலான் இழை) வலையைப்போல் வெறுமனே பின்னிக் கிடக்கின்றன. தெர்மாகோல் துண்டின் மேல் ஒரு சொட்டு பெட்ரோலோ தின்னரோ விழுந்தால் அது சீறிக்கொண்டு குழிவதைப் பார்க்காத பிள்ளைகள் நம் கரையில் குறைவு. கரைப்பான் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து சிக்கைத் தளர்த்துகிறது, காற்று வெளியேறுகிறது, பெட்டி பிசினாகச் சுருங்குகிறது. மாதிரிக் காரை ஒட்டுவதும் இதே வேலைதான், கட்டுப்பாட்டோடு செய்யப்படுகிறது, அவ்வளவே. கடையில் பசை என்று தரும் சிறு புட்டியில் இருப்பது பெரும்பாலும் பியூட்டைல் அசிட்டேட்டும் அசிட்டோனும். திறந்தால் நகப்பூச்சு வாசனை வரும். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இணைப்புக் கோட்டில் தூரிகை நுனியால் ஒரு துளியைத் தொட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் திரவம் இடுக்கு நெடுக ஓடுகிறது. இருபுறத்து மேற்பரப்பும் இளகி, இந்தப் பக்கத்துச் சங்கிலிகள் அந்தப் பக்கத்துக்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. பிறகு கரைப்பான் ஆவியாகிப் போய்விடும், பின்னல் நின்றுவிடும். இடையில் பசை என்று எதுவுமே மிஞ்சுவதில்லை. ஆகவே இதைப் பற்றவைப்பு என்று சொல்வதே பொருத்தம். ஒட்டி ஒரு நாளாவது ஆறப்போட வேண்டும். அவசரப்பட்டு இணைப்பைத் தேய்த்தால், உள்ளே மிஞ்சியிருந்த கரைப்பான் பிறகு வெளியேறும்போது அந்த இடம் மெல்லப் பள்ளம் வாங்கும், அதுவும் பெயின்ட் அடித்து முடித்த பின்னரே கண்ணில் படும்.

பைபர் படகு கட்டும் இடத்தின் அருகே போனால் மூக்கைத் துளைக்கும் அந்த நெடியும் ஸ்டைரீனுடையதே. ஆனால் படகில் கதை வேறு. ரெசினில் ஹார்டனரைக் கலந்ததும் ஸ்டைரீன் மூலக்கூறுகள் பாலியெஸ்டர் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பாலங்களாக இறுகிவிடுகின்றன. சிக்கு விழுந்த வலை, முடிச்சுப் போட்ட வலையாகிறது. அதனால்தான் இறுகிய படகின் மேல் பெட்ரோல் சிந்தினால் ஒன்றும் ஆவதில்லை, பீட்டிலின் மேல் சிந்தினால் பானெட் உருகிப் போகும்.

ஒட்டி முடித்த உடலைச் சோப்பு நீரில் கழுவி, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையைப் போக்கி, இணைப்புகளுக்குப் பட்டி வைத்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பது வரை கார் பட்டறையில் நடப்பதேதான். (உப்புத்தாளில் உப்பு இல்லை, இந்த வேலைக்கு உப்புதான் முதல் எதிரி என்பதை நினைத்தால் பெயர் வேடிக்கையாக இருக்கிறது.) வேறுபாடு பெயின்டின் தடிமனில் தொடங்குகிறது. நிஜக் காரின் மேல் பிரைமர் முதல் மேற்பூச்சு வரை மொத்தம் நூறு மைக்ரான், அதாவது பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பெயின்ட் இருக்கும். விகிதப்படி நம் காருக்கு நான்கு மைக்ரான்தான் இருக்க வேண்டும். அப்படி அடிக்க யாராலும் முடியாது. மிகக் கவனமாக அடித்தாலும் அறுபது மைக்ரான் ஏறிவிடும். நிஜக் காரில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் பூசியதற்குச் சமம். நிஜக் கதவைச் சுற்றி நான்கு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் மாதிரியில் அது 0.17 மில்லிமீட்டர், இருபுறச் சுவரிலும் அறுபது மைக்ரான் படிந்தால் மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். கதவு வரையப்பட்ட கோடாகி, கார் சோப்பில் செதுக்கியதுபோல் தோன்றும். எனவே அனுபவசாலிகள் பெயின்ட் அடிக்கும் முன்பே அந்தக் கோடுகளைக் கூரிய முனையால் சற்று ஆழப்படுத்திவிடுகிறார்கள். மெட்டாலிக் வண்ணத்திலும் இதே கோளாறு உண்டு. நிஜக் காருக்கான பெயின்டில் மின்னும் அலுமினியச் செதில் இருபது மைக்ரான் அகலம் என்று வைத்துக்கொண்டால், மாதிரியின் மேல் அது அரை மில்லிமீட்டர் சரிகைத் துண்டுக்கு ஒப்பாகிறது. கார் பட்டறையில் மிஞ்சிய மெட்டாலிக் பெயின்டை மாதிரிக்கு அடிப்பது எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்.

நான் கெடுத்த கார் கருநீலம். ஐப்பசி அடைமழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு மாலையில், பொறுமையிழந்து, மொட்டை மாடிக் கொட்டகையில் லேக்கர் பெயின்ட் அடித்தேன். அடித்தபோது காரின் கூரையில் கொட்டகை ஓலையின் நிழல் தெரியுமளவு மின்னியது. இரண்டு நிமிடத்தில், பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஆடை படர்வதைப்போல், பானெட்டின் நடுவிலிருந்து ஒரு வெண்மை பரவி விளிம்பை எட்டியது. நீலம் சாம்பலாகிவிட்டது.

காரணம் ஈரம், ஆனால் மழையின் ஈரம் நேராக விழுந்ததால் அன்று. லேக்கரின் தின்னரில் சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான்கள் கலந்திருக்கும். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியாகும் திரவம் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தான் இருக்கும் பரப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும், கையில் பட்ட பெட்ரோல் சில்லிடுவதும் இதனாலேயே. அதே வழியில் காரின் மேற்பரப்பும் சட்டென்று சில டிகிரி குளிர்கிறது. காற்று 30 டிகிரியிலும் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இருக்கும் பங்கு) 80 விழுக்காட்டிலும் இருந்தால் அதன் பனிநிலை 26 டிகிரி, அதாவது எந்தப் பரப்பும் நான்கு டிகிரி குளிர்ந்தாலே போதும், அதன் மேல் பனி துளிர்க்கத் தொடங்கும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் பனிநிலை 18 டிகிரி. பன்னிரண்டு டிகிரி குளிர வேண்டும், பெயின்ட் அவ்வளவு குளிர்வது அரிது. உள்நாட்டில் ஒருவர் நிம்மதியாக அடிக்கும் அதே டப்பா பாம்பனில் வெளுத்துப்போவதன் கணக்கு இவ்வளவுதான். துளிர்த்த நீர், இன்னும் ஈரமாயிருக்கும் பெயின்டோடு கலக்கிறது. நீரைச் சகிக்காத பிசின் கரைசலிலிருந்து பிரிந்து திரிகிறது. பின்னர் நீரும் போய்விட, அது இருந்த இடங்கள் நுண்ணிய வெற்றிடங்களாகின்றன. ஒளி அவற்றில் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறும். மேகமும் நுரையும் வெள்ளையாக இருப்பதற்குள்ள காரணமே இதற்கும். நீலம் எங்கும் போகவில்லை, வெண்மை அதை மறைத்து நிற்கிறது.

லேக்கர் என்பது வேதி மாற்றமின்றி, கரைப்பான் போவதால் மட்டுமே இறுகும் பூச்சு என்பது இங்கே கை கொடுக்கிறது. மெதுவாக ஆவியாகும் தின்னரை, ஈரமில்லாத ஒரு பகலில், அந்த வெளுத்த பரப்பின் மேல் மென்புகையாகத் தூவினால் பிசின் மீண்டும் இளகி வெற்றிடங்கள் மூடிக்கொள்ளும். நீலம் திரும்பி வரும். எனக்கு முக்கால்வாசி திரும்பியது. எனாமல் பெயின்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும் வகையாதலால் இப்படி வெளுப்பது குறைவு, காய்வதற்குத்தான் நாள்கணக்காகும்.

தவிர்ப்பதற்கு வழி நேரம் பார்ப்பதே. காற்றிலுள்ள நீர் அதே அளவு இருந்தாலும், வெப்பம் ஏற ஏற ஒப்பு ஈரப்பதம் இறங்கும்: 30 டிகிரியில் 80 விழுக்காடாக இருக்கும் காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் 46 விழுக்காடாகிவிடும். உள்நாட்டில் பிற்பகல்தான் உலர்ந்த வேளை. இங்கோ வெயில் ஏறிக் கடற்காற்று எழுந்தால் ஈரத்தையும் கூட்டிக்கொண்டு வரும். ஆகவே பதினொரு மணி வாக்கில், காற்று எழுமுன் அடித்துவிடுவேன். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரத்தைவிடப் பறக்கும் மணல் பெரிய தொல்லை. பெயின்ட் புட்டியையும் காரின் உடலையும் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து அடித்தால் பரப்பு பனிநிலைக்குக் கீழே இறங்காது. காய வைக்கவும் சூடான பெட்டி வேண்டும் என்று, ஒரு பழைய மீன் தெர்மாகோல் பெட்டிக்குள் காரை வைத்து மூடியவன் நான். காலையில் திறந்தால் பெட்டியின் உட்சுவரெல்லாம் அம்மைத் தழும்பு. காரிலிருந்து வெளியேறிய கரைப்பான் ஆவி, காரின் உறவுக்காரனான பெட்டியை அரித்திருக்கிறது. இப்போது ஒட்டுப்பலகைப் பெட்டி. அதற்குள் பல்பு எரிய விடுவதானால் கரைப்பானின் வாசனை முழுதும் போன பிறகே விட வேண்டும். அந்த ஆவி தீப்பற்றக்கூடியது.

பெயின்டைக் காற்றால் தூவும் ஏர் பிரஷ்ஷுக்குக் காற்றைத் தரும் கம்ப்ரசரிலும் இதே நீர் ஒளிந்திருக்கிறது. காற்றை அழுத்தினால் அதிலுள்ள நீராவியும் நெருக்கப்படும். டியூபில் வரும் வழியில் ஆறியதும் தாங்காமல் துளியாக இறங்கி, கடைசிப் பூச்சின்போது பார்த்து ஒரு சொட்டாகத் தெறிக்கும். நீரைப் பிரித்துத் தேக்கும் சிறு கிண்ணத்தை நம் ஊரில் அரை மணிக்கொரு முறை திறந்துவிடுவது நல்லது.

மழைக்காலத்தில் ஜாடியிலிருக்கும் கல்லுப்பு கசிவதை எல்லாரும் பார்த்திருப்போம். ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்னதாகவே இழுக்கும். பிரைமர் அடித்த காரை ஜன்னலோரம் இரண்டு நாள் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூள் அதன் மேல் படியும். அதன் மேலேயே வண்ணத்தை அடித்து மூடினால், பூச்சின் வழியே நுழையும் நீராவியை அந்தத் தூள் உறிஞ்சி உப்பு நீராகிப் பூச்சைக் கீழிருந்து தூக்கும். சில மாதத்தில் குண்டூசித் தலைபோன்ற கொப்புளங்கள் தெரியும். படகின் அடிப்புறத்தில் வருவதும் இவ்வகைதான். ஒவ்வொரு பூச்சுக்கும் முன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது மட்டுமே மருந்து. ‘நல்ல தண்ணீர்’ என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக் கிணற்று நீரில் கழுவினால் இன்னும் உப்பு ஏறும்.

கடைசியாகக் கண்ணாடிகள். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுவது. அதன் ஆவி பக்கத்துப் பரப்பில் படிந்து அங்கேயும் இறுகி வெண்புகையாக நிற்கும். குற்றவியல் ஆய்வாளர்கள் கைரேகையைப் புலப்படுத்தப் பயன்படுத்துவது இந்த ஆவியைத்தான். ஆகவே இதைக் கொண்டு முன்கண்ணாடியை ஒட்டினால், நாம் தொட்ட ரேகை அதில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். கண்ணாடிக்கு மரவேலைக்குரிய வெள்ளைப் பெவிகாலே போதும். அதிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர்; நீர் போனதும் வெண்மை மறைந்து தெளிந்துவிடும். சித்திரையில் இரவு ஒட்டினால் காலையில் தெளிந்திருக்கும். ஐப்பசியில் மூன்றாம் நாளும் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும்.