படகு ஏன் நிற்கிறது?

ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் உயிர்காப்புச் சங்கத்தினர் வைத்திருக்கும் காற்றடைத்த ரப்பர் படகைப் பார்த்திருப்பீர்கள். செல்லப்பெயர் ‘ரப்பர் டக்கி’. நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், பின்புறம் வெளியே மாட்டிய ஒரு அவுட்போர்டு எஞ்சின், ஆட்கள் இரண்டே பேர். ஓட்டுபவர் பின்னால் இடப்பக்கம், துணையாள் முன்னால் வலப்பக்கம். நான் பெரும்பாலும் பின்னால் உட்காருகிறவன்.

“ஆள் தத்தளிக்கிறார், படகு நுரைக்குள் சும்மா நிற்கிறதே!” என்று கரையில் கத்துவார்கள். சும்மா இல்லை. பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். நாலைந்து அடித்து ஓய்ந்ததும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அதற்குத்தான் காத்திருக்கிறோம். அவசரப்பட்டு, மடிந்து விழும் அலைக்குள் நுழைந்தால் படகு மல்லாந்துவிடும். அப்புறம் காப்பாற்ற வேண்டியவர்கள் மூன்று பேர். அலை முகட்டில் வேகத்தைக் குறைக்காவிட்டாலும் வம்புதான். படகு அந்தரத்தில் எழும்பித் தண்ணீரில் அறையும். துணையாளின் பாதம் படகுத் தரையில் உள்ள பட்டையில் மாட்டியிருப்பதால் அடி முழுக்கக் கணுக்காலில் இறங்கும். இந்த வேலையில் காயங்கள் அதிகமும் காலில்தான்.

வெளியே போக எங்களுக்கு வாகான பாதை எது தெரியுமா? பல சமயம், குளித்தவரை இழுத்துப்போன அதே ரிப், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் ஓடும் நீரோட்டம். அங்கே ஆழம் அதிகம், அலை அவ்வளவாக உடையாது, தண்ணீர் கருத்து அமைதியாகத் தெரியும். “இங்கே அலையே இல்லை” என்று பிள்ளைகளோடு இறங்க நம்மவர்கள் தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தைத்தான். உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள். கொடி இல்லையென்றால் இறங்கவே வேண்டாம்.

ரிப்பில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, ஒரு கையை உயர்த்துங்கள். படகு பக்கத்தில் வந்ததும் நீங்களாக ஏற முயலாதீர்கள். படகின் மூக்கு அலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். துணையாள் உங்களைத் தூக்கிப் போட்டுக்கொள்வார்.

கரையில் இருப்பவர்கள் அவசர உதவி எண் 000-ஐ அழைத்து போலீஸ் வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் மட்டும் ஆளை விட்டுக் கண்ணை எடுக்காமல் அந்தத் திசையில் கை நீட்டி நிற்கட்டும். படகில் தாழ உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு ஒரு அலைக்கு அப்பால் இருக்கும் தலைகூடத் தெரியாது.

திரும்பும்போது ஓர் அலையின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வருவோம். முந்தினால் மூக்கு குத்தும், பிந்தினால் அடுத்த அலை பின்னாலிருந்து ஏறும். அந்த வேகத்தில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. தயவுசெய்து போனைத் தூக்கிக்கொண்டு படகுக்கு எதிரே ஓடி வராதீர்கள்.