சொல் விளக்கம்: வாரண்டி

கும்பகோணத்தில் மிக்சி வாங்கினாலும் நாகப்பட்டினத்தில் படகு எஞ்சின் வாங்கினாலும் விலை பேசி முடித்ததும் நாம் கேட்கிற அடுத்த கேள்வி, "வாரண்டி எத்தனை வருஷம்?" கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார். நாமும் தலையாட்டிவிட்டு அட்டையைப் பீரோவில் போட்டு மூடிவிடுவோம். தமிழில் இதற்கு என்ன சொல் என்றால் பெரும்பாலும் 'உத்தரவாதம்' என்றுதான் பதில் வரும். சரி, 'கேரண்டி'க்கு? அதற்கும் உத்தரவாதம்தான். அப்படியானால் இரண்டும் ஒன்றா?

பிறப்பால் ஒன்றுதான். பிராங்குகள் என்ற பழைய ஜெர்மானியக் குடியினரிடம் 'வாரண்ட்' போல ஒலிக்கும் ஒரு சொல் இருந்தது. காப்பவர், துணை நிற்பவர் என்று பொருள். அது பிரெஞ்சு பேசும் நாட்டுக்குள் நுழைந்தபோது பாரிஸ் பக்கத்தில் முதலெழுத்து வகரத்திலிருந்து ககரமாக மாறிவிட்டது. வடக்கே நார்மண்டியில் வகரமே நின்றது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபோது அவர்களோடு வகர வடிவம் போய்ச் சேர்ந்தது. அதுதான் வாரண்டி. பல நூற்றாண்டு கழித்து ககர வடிவமும் ஆங்கிலத்துக்குள் வந்து கேரண்டி ஆயிற்று. ஆஸ்பத்திரி வார்டும் ரயில் கார்டும் இதே மாதிரி பிரிந்துபோன உடன்பிறப்புகள்தாம். (வாரண்டி கார்டில் வருகிற கார்டு வேறு, அது வெறும் அட்டை.) போலீஸ்காரர் கொண்டுவரும் வாரண்டும் இந்தக் குடும்பம்தான். தமிழ் அதற்குப் 'பிடியாணை' என்று ஒரு நல்ல சொல் செய்து, புழக்கத்திலும் விட்டுவிட்டது. வாரண்டிக்கு மட்டும் அந்த யோகம் வாய்க்கவில்லை.

பழைய இங்கிலாந்தில் வாரண்டி என்பது நிலத்தைப் பற்றிய பேச்சு. ஒரு பிரபு தன் நிலத்தை ஒருவருக்குக் கொடுக்கிறார். நாளைக்கு மூன்றாம் ஆள் ஒருவர் வந்து 'இது என் பாட்டன் நிலம்' என்று வழக்குப் போட்டால், கொடுத்த பிரபு நீதிமன்றத்துக்கு வந்து வாங்கியவருக்காக நிற்க வேண்டும். வழக்குத் தோற்றால் அதே மதிப்புள்ள வேறு நிலம் கொடுக்க வேண்டும். மிக்சிக்கும் மோட்டாருக்கும் இந்தச் சொல் வந்ததெல்லாம் வெகு காலம் கழித்துத்தான்.

இதைப் படிக்கும் டெல்டாக்காரருக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்க வேண்டும். வீட்டில் கிரையப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நான்கெல்லை விவரத்துக்கு முன்னால் ஏறக்குறைய இப்படி ஒரு வாசகம் இருக்கும்: 'மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை. பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் இருப்பதாகத் தெரியவந்தால் அதை எனது சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் நானே முன்னின்று தீர்த்துக்கொடுக்கக் கடமைப்பட்டவன்.' இதுதான் அசல் வாரண்டி. யார் நிற்கப்போகிறார், எதற்காக நிற்கிறார், யார் செலவில் நிற்கிறார் என்ற மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில் வந்துவிடுகிறது. நம் பத்திர எழுத்தர்கள் எந்த அகராதியையும் பார்க்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மிக்சி வாரண்டி அட்டையை மொழிபெயர்க்கிறவர்கள் ஒரு தடவை பத்திர எழுத்தர் திண்ணைக்குப் போய்வந்தால் நல்லது.

இனி உத்தரவாதம். உத்தரம் என்றால் மறுமொழி, வாதம் என்றால் சொல்லுதல். கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட நிலை அது. மலையாளத்தில் இன்றைக்கும் உத்தரவாதித்தம் என்றால் பொறுப்பு. பழைய தலைமுறை சொன்ன 'ஜவாப்தாரி'யும் அதே அச்சுதான். ஜவாப் என்றால் பதில். மராத்தியில் பொறுப்புக்கு ஜபாப்தாரி என்றே பெயர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை மராத்தியர் ஆண்ட தஞ்சைச் சீமையில் இந்த மாதிரிக் கச்சேரிச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. "இதுக்கு யார் ஜவாப்தாரி?" என்று பெரியவர்கள் கேட்கும்போது குரலில் ஒரு கிடுக்கிப்பிடி இருக்கும், யாராவது ஒருவர் கையைத் தூக்கியே ஆக வேண்டும். உத்தரவாதத்துக்கும் ஒரு காலத்தில் அந்தப் பிடி இருந்தது. விளம்பரக்காரர்கள் கையில் பட்டு, '100 சதவீத உத்தரவாதம்' என்று சுவரெல்லாம் எழுதி, ஆளே இல்லாத சொல்லாக்கிவிட்டார்கள்.

கடைப்பேச்சில் வாரண்டி என்றால் பழுது பார்த்துத் தருவது, கேரண்டி என்றால் மாற்றித் தருவது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 18+18 மாதம் என்று போட்டிருப்பார்களே, முதல் 18 மாதத்தில் இலவசமாக மாற்றம், அடுத்த 18 மாதத்தில் புதுசுக்கு விலையில் கழிவு; அந்தக் கணக்கிலிருந்து நம்மூரில் இந்தப் பாகுபாடு இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. சட்டம் வேறு விதமாகப் பிரிக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் கேரண்டிக்கு மூன்று பேர் வேண்டும்: கடன் கொடுத்தவர், வாங்கியவர், வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடும் ஜாமீன்தாரர். வாரண்டி 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் வருகிறது. அங்கே விற்பனைப் பேச்சு இரண்டு வகை. வாங்கும் நோக்கத்துக்கே அடிப்படையானது நிபந்தனை. அது மீறப்பட்டால் பொருளையே வேண்டாம் என்று தள்ளலாம். அதற்குப் பக்கத்துணையாக வருவது வாரண்டி. அது மீறப்பட்டால் நட்டஈடு கேட்கலாமே தவிர, அதை வைத்துப் பொருளைத் திருப்ப முடியாது. ஆக, சட்டத்தின் கண்ணில் வாரண்டி இரண்டில் இளையது. ஷோரூமில் அதைத் தலைமகனாகக் காட்டுவார்கள்.

பொருளை எங்கிருந்தோ வாங்கி, இன்னொரு இடத்தில் பழுது பார்க்க வேண்டிய நிலை வரும்போதுதான் இந்தச் சொல்லின் பலம் எவ்வளவு என்று தெரியும். நாகூர்க்காரத் தம்பி ஒருவர் புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி மையமொன்றில் வேலை பார்க்கிறார். பத்திரிகைகள் இதை 'ஆழ்கடல் நீச்சல்' என்று எழுதுவது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. "அண்ணே, புதுசா கத்துக்கிறவங்களுக்கு 18 மீட்டர்தான் எல்லை. அனுபவப்பட்டவங்களுக்கே பொழுதுபோக்குல 40 மீட்டர். இதுல ஆழ்கடல் எங்கேருந்து வந்துச்சு? நீச்சலும் இல்ல, இது முக்குளிப்பு." சொல் அக்கறை உள்ள ஆள். அவர் தள்ளுபடி விலையில் முக்குளிப்புக் கருவிகள் விற்கும் ஓர் இணையக் கடையில் ரெகுலேட்டர் வாங்கினார்.

ரெகுலேட்டர் என்பது மூச்சோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சாமான். முதுகில் சுமக்கும் சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைந்திருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார். சிலிண்டர் வாயில் மாட்டும் முதல் கட்டம் அந்தக் காற்றழுத்தத்தை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் கூடுதல் என்ற அளவுக்குக் குறைக்கிறது. பல்லில் கடித்துக்கொள்ளும் இரண்டாம் கட்டம் அதை நீரின் அழுத்தத்துக்கே கொண்டுவந்து, மூச்சை இழுக்கும்போது மட்டும் திறக்கிறது. 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதற்கேற்ப இந்தச் சின்ன யந்திரமும் ஈடுகொடுக்க வேண்டும்.

தம்பியின் ரெகுலேட்டரில் யாரும் இழுக்காதபோதும் மெல்லிசாக ஒரு 'ஸ்ஸ்'. வாளித் தண்ணீரில் இரண்டாம் கட்டத்தை அமிழ்த்திப் பார்த்தால், கொஞ்சம் இடைவெளி விட்டு ஒவ்வொரு குமிழியாக எழும்புகிறது. வாயில் வைக்கும் பக்கம் கசிந்தாலும் கோளாறு பல சமயம் முதல் கட்டத்தில்தான் இருக்கும். உள்ளே உலோக விளிம்பில் போய் உட்காரும் அடைப்பில் பள்ளம் விழுந்தால், இரண்டு கட்டங்களுக்கும் நடுவே உள்ள இடைநிலை அழுத்தம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போகும். அந்த உபரி இரண்டாம் கட்டத்தின் வழியாகப் பிதுங்கி வெளியேறும். மாற்ற வேண்டியது சுண்டுவிரல் நுனி அளவுச் சாமான். அதைப் பிரித்து, மாற்றி, அழுத்தம் சரிபார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். வீட்டில் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்காருகிற வேலை அல்ல.

வாரண்டி இருக்கிறதே என்று தயாரிப்பு நிறுவனத்தின் முகவருக்கு எழுதினார். வரிசை எண் கேட்டார்கள். கொடுத்ததும், இது எங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் வழியாகப் போன பொருள் இல்லை, எங்கள் வாரண்டி இதற்குப் பொருந்தாது என்று பதில். பொருள் போலியா என்றால் இல்லை, அதே தொழிற்சாலைச் சரக்குதான். ஒரு நாட்டுச் சந்தைக்கென்று விற்ற சரக்கை மொத்தமாக வாங்கி வேறு நாட்டில் குறைந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். இதில் திருட்டு ஏதும் இல்லை, ஆனால் தயாரித்தவர் பொறுப்பு ஏற்கமாட்டார். முக்குளிப்புக் கருவி நிறுவனங்கள் பலவற்றின் வாரண்டியில் இந்த விதி உண்டு: அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கியிருக்க வேண்டும், வாங்கிய முதல் ஆளாக இருக்க வேண்டும், வருஷம் ஒரு தடவை அங்கீகாரம் பெற்ற இடத்தில் சர்வீஸ் செய்த ரசீது வேண்டும். ரப்பர் வளையம், வாய்ப்பிடி, பேட்டரி மாதிரித் தேயும் சாமான்கள் வழக்கமாக இதில் சேராது.

அப்புறம்தான் தம்பி அட்டையைச் சரியாகப் படித்தார். மேலே பெரிய எழுத்தில் வாரண்டி என்றும், கீழே எறும்பு எழுத்தில், தயாரிப்பாளரின் வாரண்டிக்குப் பதிலாக இந்தக் கடையே வாரண்டி தருகிறது என்றும் போட்டிருந்தது. இதை மோசடி என்று சொல்ல முடியாது. தள்ளுபடிக் கடைகள் சில இப்படித் தங்கள் சொந்த வாரண்டி கொடுத்து நாணயமாகச் செய்துகொடுப்பதும் உண்டு. விலை குறைந்ததற்கு ஒரு காரணம், பின்னால் நிற்கும் ஆள் மாறிவிட்டது. கடைக்கு எழுதினார். வாங்கி 14 மாதம் ஆகிறது, வருஷாந்திர சர்வீஸ் ரசீது எங்கே என்று கேட்டார்கள். அங்கீகாரம் பெற்ற இடத்தில் சர்வீஸ் செய்ய வேண்டும், அங்கீகாரம் பெற்றவரோ இதைத் தொடமாட்டேன் என்கிறார். போகவரக் கூரியர் செலவு உங்களுடையது என்று கடைசியில் ஒரு வரி. பத்திர வாசகத்தில் 'எனது சொந்தச் செலவிலும்' என்று எழுதுகிறோமே, அந்த மூன்று சொல்லின் அருமை அங்கே தெரிகிறது.

ஆகவே தமிழில் என்ன சொல்லலாம்? உறுதிமொழி ஆகாது, அது பிரமாணப் பத்திரத்துக்கும் பள்ளிக்கூட இறைவணக்கத்துக்கும் போய்விட்டது. காப்புறுதி கேட்க அழகு, மூலச்சொல்லின் 'காத்தல்' பொருளும் அதில் இருக்கிறது. ஆனால் இலங்கைத் தமிழர் இன்சூரன்சுக்கு அதை வைத்துக்கொண்டார்கள். பிணை, ஜாமீனுக்குச் சொந்தம். அகராதி வேலை பார்ப்பவர்கள் சிலர் முன்வைக்கும் 'பொறுப்புறுதி' எனக்குச் சரியாகப் படுகிறது. பொறுத்தல் என்றால் தாங்குதல். சுமையை யார் தாங்குகிறார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்னால் ஆளையும் சேர்த்தே எழுத வேண்டும்: தயாரிப்பாளர் பொறுப்புறுதி, விற்பனையாளர் பொறுப்புறுதி. அட்டையில் வெறுமனே 'பொறுப்புறுதி 2 ஆண்டு' என்று இருந்தால், யாருடையது என்று படிப்பவருக்கே கேட்கத் தோன்றும். உத்தரவாதத்தைக் கேரண்டிக்கு விட்டுவிடலாம். வங்கி உத்தரவாதம் என்று அது ஏற்கனவே அங்கே ஊன்றிவிட்டது. பேச்சில் வாரண்டி வாரண்டியாகவே இருக்கட்டும், அதை யாரும் விரட்ட வேண்டியதில்லை. எழுத்தில்தான் இந்த வேறுபாடு தேவை.

கிளைம் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். லத்தீனில் அதன் வேர் 'உரக்கக் கூவுதல்'. தமிழில் கோரிக்கை என்றால் மனு கொடுத்துக் கைகட்டி நிற்கிற தொனி வருகிறது. ஊராட்சிக் கணக்கில் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று மூன்று கட்டம் போடுவார்கள். அந்தக் 'கேட்பு' இங்கே பொருந்தும். வர வேண்டியதைக் கேட்பது, இரப்பது இல்லை. பொறுப்புறுதிக் கேட்பு.

கேட்கவும் வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நாகூர்க்காரர் நாகப்பட்டினத்தில் போட்டால் போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. 2020இல் வந்த மின்வணிக விதிகள் இணையக் கடைகள் ஒரு குறைதீர் அலுவலரை வைக்க வேண்டும் என்கின்றன. அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்கவும் வேண்டும். பொருளுக்கு என்ன வாரண்டி, என்ன கேரண்டி என்பதையும் வாங்குவதற்கு முன்பே தெரியும்படி காட்டியிருக்க வேண்டும்.

தம்பி அந்த அலுவலருக்கு எழுதிவிட்டார். விற்பனைப் பக்கத்தில் வெறும் 'வாரண்டி உண்டு' என்று மட்டும் இருந்ததைப் படம் எடுத்து இணைத்திருக்கிறார். புகார் கிடைத்தது என்ற பதில் மறுநாளே வந்தது. மீதிப் பதிலுக்கான ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.