காக்பிட்: அறையா, களமா?

காக்பிட்டை 'விமானி அறை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. செய்தித்தாளில் படித்துப் படித்துப் பழகிவிட்டதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்குத் தமிழில் பாடம் நடத்தக் கிளம்பியவர்கள், அதில் வரும் விர்ச்சுவல் காக்பிட்டுக்கு 'மெய்நிகர் விமானி அறை' என்று ஒன்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெருந்துறையில் என் அக்கா மகன் அந்தப் பாடங்களை வைத்துத்தான் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டிப் பழகுகிறான். காணொளியில் மூச்சுக்கு மூச்சு இந்தச் சொல்தான். "ஏனுங் மாமா, அந்த மெய்நிகர் விமானி யாருங்? அவன் ரூமுக்குள்ள போயி நாம எதுக்குங் சுவிட்சத் தட்டோணும்?" என்றான்.

பையன் கிண்டலுக்குத்தான் கேட்டான். ஆனால் இலக்கணம் அவன் பக்கம்தான் இருக்கிறது.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் காக் என்றால் சேவல், பிட் என்றால் பள்ளம். 16ஆம் நூற்றாண்டில் சேவல்களை மோதவிட்ட இடத்துக்குத்தான் இந்தப் பெயர். பிறகு போர்க்கப்பலின் கீழ்த்தளத்தில், சண்டையில் காயம்பட்டவர்களைக் கிடத்திச் சிகிச்சை செய்த இடத்துக்கு ஆனது. 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயத் தளபதி நெல்சன் உயிர்விட்டது விக்டரி கப்பலின் காக்பிட்டில்தான். அதன்பின் சிறு படகுகளில் சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளத்துக்கு வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் விமானத்தில் ஏறியது. அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு 'சேவல் குழி' என்று மொழிபெயர்த்த கொடுமையையும் பார்த்தாயிற்று. அதற்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. நம் சண்டை விமானி அறையோடு.

ஏர்பஸ் 320 போன்ற பெரிய விமானத்தில் விமானிகள் உட்காருவது அறைதான், மறுக்கவில்லை. தடுப்புச் சுவர் உண்டு, கதவு உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கதவைக் குண்டு துளைக்காதபடி வலுவாக்கி, உள்ளிருந்து பூட்டும்படி செய்துவிட்டார்கள். அங்கே விமானி அறை என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும். ஆங்கிலத்திலேயே பெரிய விமானத்துக்கு ஃப்ளைட் டெக் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

செஸ்னா 172 அப்படியா? நான்கே இருக்கை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நடுவில் சுவரும் இல்லை, திரைச்சீலைகூட இல்லை. பின்னால் இருப்பவர் கையை நீட்டினால் ஓட்டுபவரின் தோளைத் தொடலாம். இதில் விமானிக்கென்று எந்த அறையைக் கண்டார்கள்? மேற்கூரையே இல்லாமல் தலை வெளியே தெரியப் பறந்த பழைய இரட்டை இறக்கை விமானங்களிலும் காக்பிட் இருந்தது. மொட்டை வெளியில் இருந்ததையும் அறை என்று சொல்வதானால் களத்துமேட்டையும் அறை என்று சொல்லலாம். நம்மூர் லாரிக்காரர்கள்கூட இதில் தெளிவு. சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ 'ஓட்டுநர் அறை' என்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. கேபின் என்பார்கள், அல்லது டிரைவர் சீட்டு என்பார்கள்.

சிமுலேட்டருக்கு வந்தால் குழப்பம் இரட்டிப்பாகிறது. 'மெய்நிகர்' என்பதில் எனக்குக் குறை இல்லை. மெய்க்கு நிகரானது, நல்ல சொல். அதைக் கொண்டுபோய் எங்கே ஒட்டுகிறோம் என்பதுதான் சிக்கல். 'மெய்நிகர் விமானி அறை' என்று படிக்கும்போது அடைமொழி முதலில் விமானியைத்தான் பிடித்துக்கொள்ளும். மெய்நிகர் விமானியின் அறை என்றாகிவிடும். ஆனால் அங்கே விமானி மட்டும்தானே நிஜம்! அவன் பெருந்துறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். மற்றதெல்லாம்தான் மெய்நிகர்.

விர்ச்சுவல் காக்பிட் என்றால் என்ன என்று தெரிந்து மொழிபெயர்த்திருந்தால் இந்த வம்பு வந்திருக்காது. 1982இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தபோது திரையின் கீழ்ப்பாதியில் கருவிப் பலகை தட்டைப் படமாக இருக்கும், மேல்பாதியில் வெளியே தெரியும் காட்சி. முப்பரிமாணம் பின்னால் வந்தது. 2006இல் வந்த பதிப்பில் எஃப் 9 பொத்தானை அழுத்தினால் விர்ச்சுவல் காக்பிட், எஃப் 10 அழுத்தினால் பழைய தட்டைப் பலகை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டத்தான் 'விர்ச்சுவல்' என்ற அடைமொழியே வந்தது. முப்பரிமாணத்தில் தலையைத் திருப்பலாம், குனியலாம். செஸ்னாவில் எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திருகு, இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே தரையோரம் இருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் இடது, வலது, இரண்டும் என்று எழுதியிருப்பது தெரியும். உயரமானியின் ஓரத்துக் குமிழ் மேல் மவுஸை வைத்துச் சக்கரத்தை உருட்டினால் காற்றழுத்த எண் மாறும். கோவை பீளமேட்டில் தரையில் நிற்கும்போது அந்த முள் கடல்மட்டக் கணக்கில் 1,300 அடிக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், சுழியத்தில் அல்ல. திசைகாட்டும் கைரோ கருவி பறக்கப் பறக்க விலகும் என்பதால் அவ்வப்போது காந்தத் திசைகாட்டியைப் பார்த்து அதன் குமிழைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஆக, எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, ஒரு ஆள் நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடம் அது. சுவரும் கூரையும் அதற்கு முக்கியமே இல்லை.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஈரோட்டு நண்பர் ஒருவர் 'வலவன் அறை' என்று எழுதலாமே என்றார். வலவன் என்றால் ஊர்தியை ஓட்டுபவன். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறதே என்று ஆதாரமும் காட்டினார். "ஐயா, அந்த ஊர்தியில வலவனே கிடையாதுங்களே, அவருக்கு எதுக்குங்க அறை?" என்றேன். சிரித்துக்கொண்டார், ஆனால் விடவில்லை. வலவன் அழகான சொல்தான். இருந்தாலும் இன்றைக்குப் பத்தாவது படிக்கிற பையனுக்கு அதற்கே ஓர் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

என் பரிந்துரை 'ஓட்டுகளம்'. ஆடுகளம் என்கிறோம், போர்க்களம் என்கிறோம், நெல்லடிக்கும் இடமும் களம்தான். சுவரைப் பற்றிப் பேசாமல் நடக்கிற காரியத்தைப் பற்றிப் பேசும் சொல் அது. விமானத்துறையில் 'ஓடுபாதை' ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அதன் பக்கத்தில் இது உறுத்தாமல் உட்காரும். 'மெய்நிகர் ஓட்டுகளம்' என்றால் அடைமொழியும் சரியான இடத்தில் விழுகிறது. இன்னொன்றும் தற்செயலாக அமைந்திருக்கிறது. பொங்கல் சமயத்தில் அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசு சேவற்கட்டுக்குப் போய்வந்தவர்களுக்குச் சேவல் மோதும் களம் தெரியாததல்ல. ஆங்கிலச் சொல் புறப்பட்ட இடமும் அதுதானே. இதை ஒரு வாதமாக வைக்கவில்லை, பிடித்திருக்கிறது, சொல்கிறேன்.

குறையும் உண்டு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆடுகளம், சுடுகாடு, ஊறுகாய் போல ஓட்டுகளம் என்றே எழுத வேண்டும். நடுவில் ஒரு 'க்' நுழைந்தால் ஓட்டுக்களம் ஆகி, தேர்தல் செய்தியாகிவிடும். இப்போது ஒற்றுப் போடுகிறவர்களின் லட்சணத்தைப் பார்த்தால் எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. அப்படி அஞ்சுகிறவர்கள் 'காக்பிட்' என்றே எழுதட்டும். மெய்நிகர் காக்பிட் என்றால் யாருக்கும் புரியும். விமானி அறையை மட்டும் பெரிய விமானத்துக்கு விட்டுவிடட்டும்.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் காக்பிட்டோடு நின்றால் பரவாயில்லை. உள்ளே ஒரு சிவப்புக் குமிழ் இருக்கிறது, மிக்சர் என்பார்கள். எஞ்சினுக்குள் போகும் எரிபொருளும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். செஸ்னாவின் எஞ்சினை நிறுத்துவது சாவியால் அல்ல, இந்தக் குமிழைக் கடைசிவரை வெளியே இழுத்துத்தான். பாடத்தில் சொல்கிறார்கள்: 'கலவையை முழுமையாக வெளியேற்றவும்.' பையன் டேங்கைக் காலி செய்யும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான்.

அப்புறம் யோக், விமானத்தை ஓட்டக் கையில் பிடிப்பது. இதை 'நுகம்' என்று பெயர்த்திருக்கிறார்கள். அகராதிப்படி சரி. ஆனால் நுகத்தடி காளையின் கழுத்தில் கிடப்பது, கையில் பிடிப்பதல்ல. 'நுகத்தடியை இழுத்தால் மேலே ஏறும்' என்று காங்கேயம் பக்கம் மாடு பூட்டுகிறவர் ஒருவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். 'பிடி' என்ற சின்னச் சொல் போதும். 55 நாட் வேகம் வந்ததும் பிடியை மெல்ல இழு, மூக்கு எழும்பும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?