ரோவரை நட்டதும் கல்லை ஊன்ற விடாதீர்கள்

களக்காடு பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் எல்லை அளந்தபோது கூட இருந்தேன். வரப்போரம் நாலைந்து பனை. அதன் அடியிலேயே ரோவர் கோலை நட்டார்கள். செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி, நிற்கும் இடத்தை அளக்கும் கருவிதான் ரோவர். திரையில் ‘ஃப்ளோட்’ என்றே நின்றது, அதாவது அளவு இன்னும் துல்லியமாகவில்லை. “மிஷின் சொல்லிட்டு அண்ணாச்சி, கல்லை ஊணுங்க” என்றார் அளந்தவர். ஊன்றினார்கள். மறு அளவையில் அந்தக் கல் ஒன்றரை அடி தள்ளிப் போனது. அதற்குள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிட்டது.

செயற்கைக்கோளை மட்டும் நம்பினால் இடம் சில மீட்டர் பிசகும். சர்வே ஆஃப் இந்தியா நடத்தும் ‘கார்ஸ்’ நிலையங்கள் அந்தப் பிசகைக் கணக்கிட்டுத் திருத்தத்தை இணையத்தில் அனுப்புகின்றன. ‘என்ட்ரிப்’ என்பது அனுப்பும் முறை. ரோவர் அதைச் சிம் கார்டு வழியாக வாங்கினால் பிழை சில சென்டிமீட்டருக்குள் அடங்கும்.

டவர் கிடைக்காவிட்டால் திருத்தமும் வராது. மலையடிவாரத்தில் இது அடிக்கடி நடக்கும். மரத்தடியில் செயற்கைக்கோள் சிக்னலே உடைந்துவிடும். அதனால் திரையை நீங்களே பாருங்கள். ‘ஃபிக்ஸ்’ என்று வந்திருக்க வேண்டும், அப்போதுதான் அளவு துல்லியம். கொஞ்ச நேரம் கழித்து அதே புள்ளியை இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள்.

ஃபிக்ஸ் வந்தாலும் வேலை முடியவில்லை. ரோவர் தான் நிற்கும் இடத்தைத்தான் சொல்லும், உங்கள் எல்லை எது என்று அதற்குத் தெரியாது. எல்லை புலப்படத்தில், அதாவது நிலத்தின் அளவுகள் போட்ட அரசு வரைபடத்தில் இருக்கிறது. அந்தப் படங்களில் பல அந்தக் காலத்தில் சங்கிலி போட்டு அளந்தவை. எந்தப் பழைய கல்லிலிருந்து தொடங்கினீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அளவையை நிறுத்தச் சொல்லுங்கள்.

அளவைக்கு விண்ணப்பிக்கும் முன், பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் பெயரை மாற்றுங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பல விண்ணப்பங்கள் இந்த இரண்டில் மாட்டுகின்றன. வி.ஏ.ஓ. தாலுகா ஆபீஸைக் காட்டுவார், அங்கே போனால் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள் என்பார்கள். இப்படி அலையாமல் இ-சேவையில் விண்ணப்பித்து விண்ணப்ப எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். “மிஷின் வரல, அடுத்த வாரம் வாங்க” என்று வாயால் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். ரோவர் இல்லை என்பதற்காக அளவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. டேப் போட்டும் அளக்கலாம்.

தனியார் ரோவர் வைத்து அளந்து தரும் வரைபடத்தை மட்டும் காட்டிப் பட்டா மாற்ற முடியாது. அதற்கென்று பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம், பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போனதா என்று அளவைக்கு முன்பே கேளுங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அளவு எழுதிய தாளைப் படித்துப் பார்த்த பிறகு போடுங்கள்.