சார்ஜர் பச்சை காட்டுகிறது. பேட்டரி ஏன் நிரம்பவில்லை?

மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்து ஊர்களில், திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்களின் மோட்டார் சைக்கிள்கள் மாதக்கணக்கில் தகரக் கொட்டகையில் நிற்பதைப் பார்க்கலாம். பொங்கலுக்கு ஊர் திரும்பியவர் செல்ஃப் பொத்தானை அழுத்தினால், 'டொக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு வண்டி அடங்கிவிடும். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் கிக்கரை உதைத்துக் கிளப்பிவிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோலைச் செலுத்துவதே மின் பம்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்தான் என்பதால், பேட்டரி அடியோடு இறங்கிவிட்ட பிறகு தள்ளிக் கிளப்புவதும் சுலபமில்லை. அப்போது வீட்டுச் சார்ஜர் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். இரவு முழுவதும் போட்டு, பச்சை விளக்கும் எரிந்த பிறகு, காலையில் மறுபடியும் அதே 'டொக்' கேட்கும்போது சார்ஜரைத் திட்டுகிறவர்களும் உண்டு, புது பேட்டரிக்குப் பணம் எடுத்து வைப்பவர்களும் உண்டு. இரண்டையும் குறை சொல்வதற்கு முன் அவற்றுக்கு நடுவில் கிடக்கும் ஒயரையும் அதன் இணைப்புகளையும்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கட்சி.

மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், முழுதாக நிரம்பிச் சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கினாலே அது காலியாகும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். சார்ஜர் முதலில் சீரான மின்னோட்டத்தைச் செலுத்தி, தன் முனைகளில் மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை ஒட்டி ஏறியதும் அதற்கு மேல் போகவிடாமல் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, அது சொற்பமானதும் சுமார் 13.5 வோல்ட்டில் அமர்ந்து பச்சை விளக்கைப் போடுகிறது. அது அளப்பதெல்லாம் தன் முனையில் உள்ள அழுத்தத்தை மட்டுமே. பேட்டரியின் ஈயக் கம்பத்தில், அதாவது ஒயர் மாட்டும் முனையில், என்ன இருக்கிறது என்பதை அறிய அதற்கு வேறு வழியில்லை.

9 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.9 ஆம்பியர், பொருத்தமான சார்ஜ். வழியில் ஏதோ ஓர் இணைப்பில் உப்புப் பூத்து 1 ஓம் தடை உண்டாகியிருந்தால், ஓம் விதிப்படி 0.9 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். சார்ஜர் 14.4 வோல்ட் வந்துவிட்டது என்று மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும்போது பேட்டரிக்குக் கிடைப்பது 13.5 வோல்ட்தான். மின்னோட்டம் குறையக் குறைய இந்த இழப்பும் குறைவதால், பொறுமையான சார்ஜர் பல மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டாவது நிரப்பிவிடக்கூடும். ஆனால் 14.4 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிடும் மலிவான சார்ஜரும், குறித்த நேரத்தோடு வேலையை முடித்துக்கொள்ளும் சார்ஜரும் அரைகுறையாக நிரம்பிய பேட்டரிக்கே பச்சை காட்டிவிடும்.

இந்தக் குறை பெரும்பாலும் மல்டிமீட்டருக்கும் தப்பிவிடுகிறது. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் அளவில் இருப்பதால், வோல்ட் அளக்கும்போது அது உறிஞ்சும் மின்னோட்டம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அந்தச் சிறு ஓட்டத்துக்கு, அறுந்த ஒயரில் மிச்சமிருக்கும் ஒரே ஒரு செம்பு இழையும் தாராளமான பாதைதான். ஆகவே சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒயர் முனையில் மீட்டரை வைத்தால் 12.5 வோல்ட் வந்துவிடும், நாமும் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். இணைப்பைச் சோதிக்க அதன் வழியே மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டம் இல்லாதபோது எடுத்த அளவு பேட்டரியைப் பற்றிச் சொல்லுமே ஒழிய, ஒயரைப் பற்றி எதுவும் சொல்லாது.

எனவே சார்ஜரை மாட்டி, சுவிட்சைப் போட்டு, விளக்கு பச்சைக்கு மாறும் முன்பே அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து முதலில் சார்ஜர் கிளிப்புகளிலும், அடுத்து பேட்டரியின் ஈயக் கம்பங்களிலும் அளவெடுக்கலாம். இரண்டாவது அளவின்போது மீட்டர் ஊசி போல்ட்டின் தலையிலோ லக்கின் (ஒயர் நுனியில் அழுத்திய உலோக வளையம்) மீதோ படாமல் ஈயத்தின் மேலேயே பட வேண்டும், ஏனென்றால் போல்ட்டுக்கும் ஈயத்துக்கும் நடுவிலேயே குறை ஒளிந்திருக்கலாம். இரண்டு அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் இணைப்பின் மேல் பழியில்லை. கால் வோல்ட், அரை வோல்ட் என்று வித்தியாசம் வந்தால் மீட்டரை 2 வோல்ட் அளவுக்கு மாற்றி, ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் ஊசியை வைத்துக்கொண்டே போகலாம்: ஈயக் கம்பத்திலிருந்து லக், லக்கிலிருந்து ஒயர், பியூஸின் இரு கால்கள், சார்ஜர் ஒயரையும் பேட்டரி ஒயரையும் சேர்க்கும் இரண்டு பின் பிளக்கின் இரு பாதிகள். 1 ஆம்பியர் ஓடும்போது நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டும் இடத்தைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

அப்படிக் கழற்றினால் தெரிவது பெரும்பாலும் ஒரே காட்சிதான். லக் வெளியே பளபளவென்று இருக்கும். அதன் கழுத்தில் உள்ள உறையைப் பிளேடால் கீறி விலக்கினால், செம்பு இழைகள் கறுத்து, இடையிடையே நீலம் கலந்த பச்சைப் பொடி படிந்து, லேசாக வளைத்ததும் ஒவ்வொன்றாக முறியும். பேட்டரியிலிருந்து கசியும் கந்தக அமில ஈரம் ஒயர் உறைக்குள் ஏறி செம்பைச் செம்பு சல்ஃபேட்டாக மாற்றிய வேலை அது. முனையின் மேல் தெரியும் வெள்ளைப் பூப்பை மட்டும் துடைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடா அமிலத்தை நடுநிலையாக்கும்; உலர்ந்தபின் உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். உள்ளே அரித்துப்போன லக்கைத் தேய்ப்பதில் பயனில்லை. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புது லக் அழுத்த வேண்டும். இதற்கு கட்டிங் பிளேயரால் நசுக்குவது போதாது, அதற்குரிய கிரிம்பிங் கருவி வேண்டும்.

சார்ஜர் அறவே வேலை செய்யவில்லை என்று தோன்றும் சமயங்களில் வேறு சில காரணங்கள் இருக்கலாம். இன்றைய தானியங்கிச் சார்ஜர்கள் பல, பேட்டரியின் அழுத்தத்தை உணர்ந்த பிறகுதான் மின்சாரம் விடுகின்றன. வெறும் கிளிப்புகளில் மீட்டர் பூஜ்யம் காட்டுவதை வைத்து அவை கெட்டுப்போயின என்று முடிவு கட்டக் கூடாது. அடியோடு வடிந்துபோன பேட்டரியையும் இவற்றுள் சில அடையாளம் கண்டுகொள்வதில்லை. நெகட்டிவ் கிளிப்பைச் சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) மாட்டுவோர், அது பெயிண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஒயர்த் தொகுப்பில் உள்ள பியூஸ் கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தாலும், மயிரிழை விரிசல் இருந்தால் அது செத்ததுதான். அதைக் கழற்றி ஓம் அளவில் சோதிக்க வேண்டும். இரண்டு பின் பிளக்குகளில் எந்தப் பின் பாசிட்டிவ் என்பது எல்லாத் தயாரிப்பிலும் ஒன்றல்ல என்பதால், ஒரு நிறுவனத்தின் ஒயரையும் இன்னொன்றின் சார்ஜரையும் சேர்க்கும் முன் மீட்டரால் துருவத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஈயக் கம்பத்திலேயே சில நிமிடங்களில் 14.4 வோல்ட் வந்து, பச்சையும் எரிந்து, சார்ஜரைக் கழற்றியதும் அழுத்தம் மளமளவென்று இறங்கினால் குறை பேட்டரிக்குள் இருக்கிறது. காலியாகவே கிடந்த தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் கெட்டியான படிகமாக இறுகி, மின்னோட்டத்தை ஏற்கும் பரப்பைக் குறைத்துவிட்டது. மதுரை வெயில் இதற்குத் துணைபோகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாக வடியும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் தகரக் கொட்டகைக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வண்டியில் திருட்டுத் தடுப்பு அலாரமோ ஜி.பி.எஸ். கருவியோ 20 மில்லிஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால், 9 ஆம்பியர் மணி பேட்டரி 19 நாளில் காலி. ஊருக்குப் புறப்படும்போது நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைப்பது இதற்குச் செலவில்லாத வைத்தியம்.

அதே வெப்பம் சார்ஜ் ஏற்றும் அளவையும் மாற்றுகிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும் என்ற கணக்கில், 40 டிகிரியில் 14.4 என்பது 14.1 ஆகிறது. வெப்பத்தை உணரும் சார்ஜர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆனால் உணரி சார்ஜர் பெட்டிக்குள்ளேயே இருந்தால் அது தன் அருகிலுள்ள காற்றைத்தான் அளக்கும். சார்ஜரை மின்விசிறி ஓடும் அறையிலும் வண்டியைக் கொட்டகையிலும் வைத்துச் சன்னல் வழியே ஒயரை நீட்டினால் அந்தக் கணக்கு தவறிவிடும்.

சார்ஜ் ஏறும் கடைசிக் கட்டத்தில் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அது காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். ஆகவே சோதனைக்காகக் கிளிப்பையோ லக்கையோ அசைக்க வேண்டியிருந்தால், முதலில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில்: சேஸிஸ் முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருப்பதால், வரிசை மாறினால் பாசிட்டிவ் போல்ட்டைத் திருகும் ஸ்பேனர் சேஸிஸில் பட்ட நொடியே பொறி பறக்கும்.