ஆழமில்லாத தொட்டியில் தண்ணீர் என்ன செய்கிறது? போன்சாய் மண்ணின் இயற்பியல்

செம்மண் தரையில் வேர்விட்ட ஆலமரம் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. அதே செம்மண்ணை அள்ளி, மரத்தைக் குட்டையாகவே வளர்க்கும் 4 செ.மீ. ஆழமுள்ள போன்சாய் தொட்டியில் நிரப்பி, அதே ஆலின் கன்றை நட்டு, தினமும் அக்கறையாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சில மாதங்களில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். பார்க்கிறவர்கள் "தண்ணி அதிகமாயிடுச்சு" என்பார்கள், இல்லாவிட்டால் "தண்ணி பத்தலை" என்பார்கள். அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தும் மரம் தேறாது. காரணம், போன்சாய்க்கு எவ்வளவு தண்ணீர் என்பது பூவாளியைக் கையில் எடுக்கும் நேரத்தில் முடிவாகிற விஷயமே அல்ல. தொட்டியில் போடும் மண்ணைச் சலிக்கும்போதே அதில் பாதி முடிவாகிவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ளச் சமையலறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கொஞ்சம் தடிமனான, செவ்வக வடிவ ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, வெளியே எடுத்துப் படுக்கை வாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். பிழிய வேண்டாம். சொட்டுவது முழுக்க நின்றதும், அதை அப்படியே திருப்பி, நீளப்பக்கம் மேல்கீழாக வருமாறு நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே துளைகள், உள்ளே இருந்ததும் அதே தண்ணீர். மாறியது உயரம் மட்டும்.

மண் துகள்களுக்கு இடையே இருக்கும் இடுக்குகளில் தண்ணீரைப் பிடித்து வைப்பது பரப்பு இழுவிசை. அதைக் கீழே இழுப்பது ஈர்ப்பு விசை. தொட்டியின் அடியில் துளை இருக்கிறது, துளைக்குக் கீழே வெறும் காற்று. அந்த விளிம்பில் நிற்கும் தண்ணீர் தானாகக் கீழே விழுந்துவிடாது. மேலே உள்ள நீரின் எடை, இடுக்குகள் பிடித்திருக்கும் பலத்தை மீறினால்தான் சொட்டும். அது வரைக்கும் அடிமண்ணில் ஓர் அடுக்கு முழுக்க நீர் நிறைந்து, காற்றுக்கு இடமே இல்லாமல் நிற்கும். இந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது இடுக்குகளின் அளவு. தொட்டி எத்தனை ஆழம், அடியில் எத்தனை துளை என்பதெல்லாம் அதை மாற்றுவதில்லை. போன்சாய் மண்ணைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், நான் இதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பள்ளியில் படித்த நுண்புழை ஏற்றக் கணக்கு இங்கே நேராகப் பொருந்தும். 1 மி.மீ. ஆரமுள்ள குழாயில் தண்ணீர் சுமார் 1.5 செ.மீ. ஏறி நிற்கும். ஆரம் 0.1 மி.மீ. ஆனால் 15 செ.மீ. நிற்கும். மண் இடுக்கு நேரான குழாய் இல்லைதான், ஆனாலும் போக்கு இதுவே. துகள் பொடியாகப் பொடியாக, தேங்கும் அடுக்கு உயரமாகும்.

இப்போது செம்மண் தொட்டிக்கு வருவோம். ஒரு மண்ணில் இந்த அடுக்கு 8 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. ஆழமுள்ள பூந்தொட்டியில் அதைப் போட்டால், மேலே 22 செ.மீ. நல்ல காற்றோட்டத்துடன் இருக்கும். வேர்கள் அங்கே பிழைத்துக்கொள்ளும். அதே மண்ணை 4 செ.மீ. போன்சாய் தொட்டியில் போட்டால் மேலிருந்து கீழ் வரை முழுவதும் சேறு. தரையில் இந்தச் சிக்கல் வருவதில்லை. அங்கே மண்ணுக்குக் கீழே மறுபடி மண், அதற்கும் கீழே மண். நீர் அறுபடாமல் கீழ்நோக்கி இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். தெருவோர ஆலின் ரகசியம் அந்த ஆழம்தான்.

அடியில் ஒரு கை சரளைக்கல் போட்டால் வடிந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். வடியாது. பொடி மண்ணின் சிறிய இடுக்கிலிருந்து சரளையின் பெரிய இடுக்குக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலுள்ள மண் நிறைந்து வழிந்தால்தான் இறங்கும். ஆக, தேங்கும் அடுக்கு சரளைக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. தொட்டியின் ஆழத்தில் ஒரு பங்கை நாமே குறைத்ததுதான் மிச்சம். போன்சாய் தொட்டியில் அந்த ஒரு செ.மீ. என்பது பெரிய சொத்து. துளை மேல் மண் விழாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

சரி, தண்ணீர் தேங்கினால் வேருக்கு என்ன? வேரும் சுவாசிக்கிறது, அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 275 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம் சொச்சம். 35 டிகிரியில் அது 7 ஆகக் குறைந்துவிடும். அதைவிட முக்கியமானது வேகம்: ஆக்ஸிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் இருப்பதைச் செலவழித்துவிட்டால் புதிது வந்து சேர வழியில்லை. இதோடு, வெப்பம் 10 டிகிரி கூடினால் வேரின் சுவாச வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தேவை கூடும் நேரத்தில்தான் கையிருப்பு குறைகிறது. வெயில் காலத்தில் பயந்துபோய்த் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றி, பொடி மண்ணில் இருக்கும் மரத்தை இழப்பது இப்படித்தான். பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற வேரழுகல் கிருமிகளின் வித்துகள் நீரில் நீந்திப் போகக்கூடியவை. மூச்சுத் திணறிய வேரும் தேங்கிய நீரும் சேர்ந்தால் அவற்றுக்கு வேலை சுலபம். வேர் அழுகியபின் அதனால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே, சேற்றில் நிற்கும் மரத்தின் இலைகள் தாகத்தில் வாடுவது போலவே வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம்.

எனவே துகள் பெரிதாக வேண்டும். அது மட்டும் போதாது, ஒரே அளவாகவும் வேண்டும். ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினால், உருண்டை எவ்வளவு சிறிதானாலும் பெரிதானாலும் காலியிடம் ஏறக்குறைய 36 முதல் 40 சதவீதம்தான். மொத்தக் காலியிடம் மாறாது, ஒவ்வோர் இடுக்கின் அளவுதான் மாறும். ஆனால் பெரியதோடு பொடியைக் கலந்தால், பொடி போய்ப் பெரியதன் இடுக்குகளை அடைத்துவிடும். காலியிடமும் குறையும், மிஞ்சும் இடுக்கும் சிறுத்துவிடும். கான்கிரீட் போடுகிறவர்கள் ஜல்லியையும் மணலையும் கலப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். போன்சாய்க்காரர்கள் சல்லடையோடு திரிவது அதற்கு நேர் எதிரான காரணத்துக்காக. நடுத்தர அளவுத் தொட்டிக்கு 3 முதல் 6 மி.மீ. துகள், உள்ளங்கை அளவுத் தொட்டிக்கு 2 முதல் 3 மி.மீ. துகள். 1 மி.மீ.க்குக் கீழே உள்ள தூசி எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. இதில் நான் சமரசமே செய்யமாட்டேன்.

பெரிய துகள் வைத்தால் இடுக்குகளில் காற்று கிடைக்கும், தண்ணீர் சீக்கிரம் காணாமல் போகும். இந்த முடிச்சை ஜப்பானியர்கள் அழகாக அவிழ்த்தார்கள். துகளுக்கு வெளியே காற்று, துகளுக்கு உள்ளே தண்ணீர். அவர்களின் அகதாமா, தோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ வட்டாரத்தில் எரிமலைச் சாம்பல் படிந்து உருவான மண்ணைத் தோண்டி, உலர்த்தி, அளவுவாரியாகச் சலித்த களிமண் உருண்டை. சூளையில் சுட்டது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் செங்கல்லைப் போலச் சுடப்பட்டதல்ல. அதனால் களிமண்ணின் குணம் கெடாமல் நீரையும் உரச்சத்தையும் பிடித்து வைக்கும். ஈரத்தில் நிறம் கருக்கும், காயக் காய வெளிறும். எப்போது ஊற்றலாம் என்று மண்ணே காட்டிக்கொடுக்கும். டோச்சிகி மாகாணத்தின் கனுமா நகரப் பகுதியில் கிடைக்கும் இளமஞ்சள் நிறக் கனுமா இன்னொரு வகை. நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன் அகாகி எரிமலை கக்கிய நுரைக்கல் அது. அமிலத்தன்மை உள்ளதால் சட்சுகி அசேலியா என்ற பூஞ்செடிக்கு அதையே விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். 1923 பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவின் போன்சாய் தோட்டக்காரர்கள் இடம் தேடிப் புறப்பட்டு, 1925-இல் சைத்தாமாவில் ஓமியா போன்சாய் கிராமத்தை அமைத்தார்கள். மரங்களுக்குத் தாராளமான இடமும் நல்ல நீரும் காற்றும் தேடித்தான் அங்கே போனார்கள். தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொள்ளவே மூன்று வருடம் என்று ஜப்பானியத் தோட்டக்காரர்கள் சொல்வதும் இந்த அக்கறையிலிருந்து வருவதே.

அகதாமாவுக்கும் ஆயுள் உண்டு. சில வருடங்களில் நொறுங்கி மறுபடி பொடியாகிவிடும். இறக்குமதி விலை கொடுத்து அதை வாங்க வேண்டும் என்று நம்மூர்க்காரர்கள் யாருக்கும் நான் சொல்லமாட்டேன். நம்மிடம் செங்கல் இருக்கிறது. கட்டடச் செங்கல் 24 மணி நேரம் நீரில் கிடந்தால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்று இந்தியத் தரவிதி சொல்கிறது. செங்கல் நீரை உறிஞ்சுவது கொத்தனாருக்குக் குறை, நமக்கு அதுதான் தேவை. நன்றாக வெந்த சிவப்புச் செங்கல்லை உடைத்து, சலித்து, கழுவி எடுங்கள். அரைவேக்காட்டுச் செங்கல் நீரில் கரைந்து சேறாகும். அதிகம் வெந்து கருத்துக் கண்ணாடி மாதிரி ஆனது நீரை உறிஞ்சாது. ஒரு துண்டை இரவு முழுக்க ஊறவைத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இடித்த வீட்டுச் செங்கல்லில் சிமென்ட், சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அது மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளும்.

செங்கல்லின் குறை ஒன்று உண்டு. சுட்ட சூட்டில் களிமண் கனிமங்கள் உருமாறிவிடுவதால், அது நீரைப் பிடிக்குமே தவிர உரச்சத்தை அதிகம் பிடித்து வைக்காது. அதனால்தான் கொஞ்சம் கரிமப் பொருள் வேண்டும். ஆல், ஆலின் இனத்தைச் சேர்ந்த இச்சி, புளி போன்றவற்றுக்கு முக்கால் பங்கு செங்கல் துகளும் சலித்த கரடு மணலும், கால் பங்கு தென்னை நார்த் துண்டும் மக்கிய இலை உரமும் என்பது நல்ல தொடக்கம். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலில் கல்தூசி நிறைய. கழுவிச் சலிக்காமல் தொடவே கூடாது. தென்னை நார்க் கழிவில் உப்பு இருக்கும், அதையும் இரண்டு மூன்று தரம் நல்ல நீரில் அலசிவிட வேண்டும். பாலைவன ரோஜா எனப்படும் அடினியத்துக்குக் கரிமப் பொருளே தேவையில்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைக்கலாம், அடிமரத்திலேயே அது நீரைச் சேமித்து வைத்திருக்கிறது.

இப்படிப்பட்ட மண்ணில் தண்ணீர் ஊற்றும் விதமும் மாறுகிறது. டம்ளர் கணக்கில் அளந்து ஊற்றுவதற்கு இங்கே அர்த்தமில்லை. அடித்துளையில் தாராளமாக வழியும் வரை ஊற்ற வேண்டும். சில நிமிடம் கழித்து இன்னொரு சுற்று. முதல் சுற்றில் துகள்கள் நனைந்து தயாராகும், இரண்டாவதில் உள்வரை ஊறும். நீர் கீழே இறங்கும்போது பழைய காற்றைத் தள்ளிவிட்டு, தன் பின்னால் புதிய காற்றை இழுத்துக்கொண்டு வரும். சேர்ந்திருக்கும் உப்பையும் கழுவிக்கொண்டு போகும். ஒவ்வொரு முறையும் அரைகுறையாக ஊற்றினால் இந்த இரண்டுமே நடக்காது.

எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாது. மே மாதத்தில் 35 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள மதியத்தில், காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் பலம் சுமார் 3.4 கிலோபாஸ்கல். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் அது 0.85 தான். நான்கு மடங்கு வித்தியாசம். கத்திரி வெயிலில் காலை, மாலை இரண்டு வேளையும் கேட்கும் அதே மரம், மழைக்காலத்தில் மூன்று நாள் சும்மா இருக்கும். நாட்காட்டியைப் பார்க்காமல் மண்ணைப் பாருங்கள். ஒரு மூங்கில் குச்சியை வேர்ப்பகுதியில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவினால் ஈரம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். தொட்டியைத் தூக்கி எடை பார்ப்பது அதைவிட நல்ல வழி. உச்சி வெயிலில் ஊற்றினால் நீர்த்துளி லென்ஸாகி இலையைச் சுட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். 2010-இல் ஹங்கேரிய இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்ததில், வழவழப்பான இலைகளில் அப்படி நடக்கவில்லை. உண்மையான ஆபத்து, வெயிலில் கிடந்த ஹோஸ் குழாயிலிருந்து வரும் கொதிநீர். முதலில் அதை ஓடவிட்டுவிட்டு அப்புறம் மரத்துக்குக் காட்டுங்கள்.

நர்சரிகளில் போன்சாய் என்று விற்கும் பல தொட்டிகளில், மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். எடுத்துப் போகும்போது சிந்தாது, பார்க்கவும் அழகு. ஆனால் மண்ணைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது, ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து ஓடியும்விடும். வாங்கிய அன்றே பெயர்த்து எடுத்துவிடுங்கள்.

போர்வெல் தண்ணீர் மட்டுமே உள்ள வீடுகளில் இன்னொரு தொல்லை. அதில் உள்ள பைகார்பனேட் மெல்ல மெல்ல மண்ணைக் காரமாக்கும். அப்போது இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடையெல்லாம் மஞ்சளாக வந்தால் அதுதான் அறிகுறி. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். மழைநீரைப் பிடித்து வைத்து இடையிடையே ஊற்றுவது போல மலிவான மருந்து கிடையாது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். குழாய் நீரில் இருந்த உப்பு அடர்த்தியாகிச் சேர்ந்த நீர் அது, போன்சாய்க்கு வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழையில் நாலைந்து நாள் விடாமல் பெய்யும்போது தொட்டியை உள்ளே கொண்டுபோக முடியாவிட்டால், ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை ஒன்றைக் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். வடிதுளை இருக்கும் பக்கம் தாழ்ந்திருக்கட்டும். ஸ்பாஞ்சைத் திருப்பியபோது நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். மேல் ஓரத்துக்கும் தாழ்ந்த ஓரத்துக்கும் உயர வித்தியாசம் கூடுவதால், தட்டையாக இருந்தபோது இறங்க மறுத்த நீர் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிடும். மழை விட்டதும் நேராக்கிவிடலாம். மழை இல்லாத நாளிலும் ஊற்றிய நீர் மேலேயே குளமாக நிற்கிறது, உள்ளே போக நேரமாகிறது என்றால், வேர் அடர்ந்துவிட்டது அல்லது கலவை பொடியாகிவிட்டது என்று அர்த்தம். நம் வெப்பத்தில் ஆலும் இச்சியும் ஓரிரு வருடத்திலேயே அந்த நிலைக்கு வரும். மரம் துளிர்த்து வேகமாக வளரும் பருவத்தில் வெளியே எடுத்து, வேரைக் கத்தரித்து, புதிதாகச் சலித்த கலவையில் மாற்றி நட வேண்டும்.